கன உலோக நஞ்சும் குடற்சுவரும்: உணவுக் கொழுப்பின் பங்கு எவ்வளவு?

காரீயம், காட்மியம் போன்ற கன உலோகங்களால் விளையும் கேட்டைப் பற்றிப் பேசும்போது ஆலைக் கழிவும் புகைபோக்கியும் மாசுற்ற ஆற்று நீருமே முதலில் நினைவுக்கு வருகின்றன. அவ்வுலோகம் உணவோடு கலந்து வாய்வழியே சென்ற பின்னர் உடலுக்குள் என்ன நிகழ்கிறது என்பது மருத்துவர்களுக்கு மட்டுமே உரிய செய்தி என்று திட்டமிடுவோர் ஒதுக்கிவிடுவதுண்டு. அவ்வாறு ஒதுக்குவது பொருந்தாது. ஒரே பாத்திரத்தில் சமைத்த உணவை ஒரே அளவில் உண்ணும் இரு குழந்தைகளுள் ஒன்றின் குருதியில் மற்றதைக் காட்டிலும் மிகுதியான காரீயம் சேரக்கூடும். இந்த வேறுபாட்டைத் தீர்மானிக்கும் இடம் குடற்சுவர். குழந்தை அதுவரை என்ன உண்டு வளர்ந்தது, அதன் உடலில் இரும்புச்சத்து போதிய அளவு இருக்கிறதா, உலோகம் உள்ளே சென்றபோது வயிறு வெறுமையாக இருந்ததா என்பவற்றைப் பொறுத்து அந்தச் சுவர் வேலியாகவும் அமையலாம், திறந்த கதவாகவும் அமையலாம்.

அண்மைக் காலத்தில் இவ்வாராய்ச்சியில் கொழுப்பு அமிலங்களுக்கு ஒரு தனி இடம் கிடைத்துள்ளது. சில வகைக் கொழுப்பு அமிலங்கள் குடலின் உயிரணுக்களை உலோக நஞ்சிலிருந்து காக்கின்றன என்னும் முடிவுகள் ஆய்வுக்கூடங்களிலிருந்து வருகின்றன. இவற்றைப் படிக்கும் எண்ணெய் வணிகருக்கு அது விளம்பரமாகிறது; நிர்வாகத்தினருக்கோ செலவு குறைந்த ஒரு குறுக்குவழி கிடைத்துவிட்டது போன்ற எண்ணம் தோன்றுகிறது. எனவே இம்முடிவுகள் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை நிதானமாக ஆராய்வது தேவையாகிறது.

சிக்கலின் அளவு

தமிழில் ‘ஈயம்’ என்னும் ஒரே சொல் இரு உலோகங்களைக் குறித்து வந்துள்ளது. பாத்திரங்களுக்குப் பூசும் வெள்ளீயம் வேறு. மின்கலங்களிலும் பழைய வண்ணப் பூச்சுகளிலும் உள்ள காரீயம் வேறு. இங்குப் பேசப்படுவது பின்னது. காரீயமும் காட்மியமும் உடலுக்கு எவ்வகையிலும் தேவைப்படாதவை. காட்மியம் சிறுநீரகத்தில் சேர்ந்துவிட்டால் அதில் பாதி நீங்குவதற்கே பத்து முதல் முப்பது ஆண்டுகள் ஆகும். காரீயம் எலும்பில் தங்குகிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தடுக்கிறது.

நம் நாட்டில் காரீயம் கலந்த பெட்ரோல் டெல்லியில் 1998-ஆம் ஆண்டிலும் நாடு முழுவதிலும் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியிலும் விலக்கப்பட்டது. வீட்டு வண்ணப் பூச்சுகளில் காரீயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்கு எனக் கட்டுப்படுத்தும் விதிகள் 2016-இல் வெளியாயின. பயன்படுத்திய மின்கலங்களைக் கையாளுவதற்கான விதிகள் 2001-இல் பிறப்பிக்கப்பட்டு, 2022-இல் புதிய விதிகளால் மாற்றப்பட்டன. இவையெல்லாம் பயனுள்ள நடவடிக்கைகளே. எனினும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் 2020-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, குருதியில் டெசிலிட்டர் ஒன்றுக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் உள்ள குழந்தைகள் உலகில் ஏறத்தாழ 80 கோடி. அவர்களுள் சுமார் 27.5 கோடிப் பேர் இந்தியாவில் உள்ளனர். மாதிரி மதிப்பீடுகளின் அடிப்படையில் கணக்கிட்ட எண் இது, தலைக்கணக்கு அன்று. ஆனால் இதில் பாதியே உண்மை என்று கொண்டாலும் அது ஒரு பெரும் பொதுநலச் சிக்கல்தான்.

பெட்ரோல் நின்ற பிறகும் காரீயம் எங்கிருந்து வருகிறது? பழைய மின்கலங்களைச் சந்துகளிலும் கொல்லைகளிலும் உடைத்து உருக்கும் தொழில் ஒரு காரணம். மற்றொன்று சமையலறையிலேயே உள்ளது. மஞ்சள் கிழங்கைப் பளபளப்பாகக் காட்டுவதற்காகக் காரீயக் குரோமேட்டு என்னும் மஞ்சள் நிறச் சாயப்பொருளைப் பூசும் வழக்கம் தெற்காசியாவின் சில பகுதிகளில் இருந்து வருகிறது. இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், இலங்கை ஆகிய நாடுகளின் 23 நகரங்களில் வாங்கிய மஞ்சளைச் சோதித்து 2024-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், பாட்னாவில் கண்ட உச்ச அளவு கிராம் ஒன்றுக்கு 1000 மைக்ரோகிராமையும் தாண்டியிருந்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் அனுமதிக்கும் அளவு 10 மைக்ரோகிராம் மட்டுமே. எல்லா மஞ்சளும் இப்படிப்பட்டதன்று. அந்த ஆய்வில் பெரும்பான்மை மாதிரிகள் வரம்புக்குள்ளேயே இருந்தன. ஆயினும் மஞ்சள் நாள்தோறும் எல்லாக் குழம்பிலும் சேர்வது என்பதால் சிறிய விழுக்காடும் புறக்கணிக்கத்தக்கதன்று.

பீகாரை இக்கட்டுரை எடுத்துக்காட்டாகக் கொள்வதற்கு மற்றொரு காரணமும் உண்டு. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21) நாடு முழுவதும் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67.1 சதவீதத்தினரும், பீகாரில் 69.4 சதவீதத்தினரும் இரத்தசோகை உடையோராகக் காணப்பட்டனர். இந்த எண்ணுக்கும் காரீயத்துக்கும் உள்ள உறவு குடலின் அமைப்பை அறிந்தால் விளங்கும்.

குடற்சுவரின் அமைப்பு

பழைய பாடநூல்கள் குடலின் உட்பரப்பை டென்னிஸ் மைதானத்துக்கு ஒப்பிட்டு வந்தன. 2014-இல் வெளியான அளவீடு அதைச் சுமார் 30 சதுர மீட்டராகக் குறைத்துவிட்டது. ஆயினும் இதுவும் ஒரு சிறு வீட்டின் தரையளவு ஆகும். இவ்வளவு பரப்பையும் மூடியிருப்பது ஒற்றை அடுக்கு உயிரணுக்கள். இவை மூன்று முதல் ஐந்து நாட்களில் உதிர்ந்து, புதியவை தோன்றுகின்றன. அண்டை உயிரணுக்கள் ஒன்றோடொன்று இறுக்கமான இணைப்புகளால் பிணைக்கப்பட்டிருப்பதால், உணவிலுள்ள எதுவும் இடுக்கு வழியே கட்டுப்பாடின்றிக் குருதியில் நுழைய முடியாது. நுழைய விரும்பும் பொருள் உயிரணுவின் ஊடாக, அதற்கென அமைந்த கடத்திகளின் உதவியுடனேயே செல்ல வேண்டும்.

இங்குதான் கன உலோகங்கள் ஏமாற்றி நுழைகின்றன. காட்மியத்துக்கென்று உடல் ஒரு கடத்தியையும் வைத்திருக்கவில்லை. ஆனால் உணவிலுள்ள இரும்பை உள்ளே இழுக்கும் ஒரு புரதக் கடத்தி காட்மியத்தையும் ஏற்றுக்கொள்கிறது. இக்கடத்தி 1997-இல் இனங்காணப்பட்டது. உடலில் இரும்பு குறைந்தால் குடல் இக்கடத்திகளைப் பெருக்கிக்கொள்கிறது. அது இயற்கையான தற்காப்பு. இரும்பைத் தேடித் திறந்த அதே வாயில் வழியாகக் காட்மியமும் மிகுதியாக நுழைந்துவிடுகிறது. இக்கடத்தி இன்னதென்று அறியப்படுவதற்கு முன்பே, 1978-இல் வெளியான ஓர் ஆய்வு இதன் விளைவை அளந்து காட்டியது. இரும்புக் கையிருப்புப் போதிய அளவு உள்ளோர் உணவிலுள்ள காட்மியத்தில் சராசரி 2.3 சதவீதத்தை உறிஞ்சினர். கையிருப்புக் குறைந்தோர் 8.9 சதவீதத்தை உறிஞ்சினர். ஏறத்தாழ நான்கு மடங்கு.

காரீயம் பெருமளவில் சுண்ணாம்புச் சத்தின் வழிகளோடு போட்டியிடுகிறது. உணவில் கால்சியமும் இரும்பும் குறைந்தால் காரீயத்தின் உறிஞ்சல் உயரும். குழந்தையின் குடல், பெரியவரின் குடலைக் காட்டிலும் நான்கைந்து மடங்கு காரீயத்தை உறிஞ்சக்கூடியது. வெறும் வயிற்றின் விளைவும் வியப்பளிப்பது: பெரியவர்களிடம் நடத்திய சோதனையில், உணவோடு சென்ற காரீயத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே உறிஞ்சப்பட்டது, பட்டினி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உறிஞ்சப்பட்டது. காலையில் ஒன்றும் உண்ணாமல் மின்கலம் உருக்கும் கொட்டகைக்கு அருகே மண்ணில் விளையாடும் குழந்தைக்கு இவை அனைத்தும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. உட்சென்ற காரீயம், குருதியின் சிவப்பணுக்களுக்குத் தேவையான ஹீம் என்னும் பொருளின் ஆக்கத்தைத் தடுத்து இரத்தசோகையை மேலும் வளர்க்கிறது. இரத்தசோகை காரீயத்துக்கு வழிவிடுகிறது. காரீயம் இரத்தசோகையைப் பெருக்குகிறது.

குடலைக் கடந்து செல்வது மட்டுமன்றி, குடலின் உயிரணுக்களையே இவ்வுலோகங்கள் தாக்குகின்றன. அண்டை உயிரணுக்களைப் பிணைக்கும் புரதங்களுள் ஒன்று கால்சியம் இருந்தால்தான் இயங்கும். காட்மியம் அந்தக் கால்சியத்தின் இடத்தைப் பற்றிக்கொண்டு பிணைப்பைத் தளர்த்துகிறது. உயிரணுவின் உள்ளே குளூட்டாதையோன் என்னும் காப்புப் பொருளைக் கட்டிப்போட்டுச் செலவழிக்கிறது. அதன் விளைவாக ஆக்சிஜனின் கொந்தளிப்பான வடிவங்கள் கட்டுப்பாடின்றிப் பெருகி, உயிரணுவின் புறச்சவ்வை அரிக்கின்றன. உயிரணுவும் சும்மா இருப்பதில்லை. மெட்டல்லோதையோனின் என்னும் சிறு புரதத்தை ஆக்கிக் காட்மியத்தைச் சிறைப்பிடிக்கிறது. சில நாட்களில் அந்த உயிரணு உதிரும்போது உலோகத்தின் ஒரு பகுதி மலத்தோடு வெளியேறிவிடுகிறது. குடலின் விரைவான புதுப்பிப்பு இவ்வகையில் ஒரு காப்பாகும். புதுப்பிப்பதற்குப் புரதமும் துத்தநாகமும் ஆற்றலும் வேண்டும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். இவை மூன்றும் குறைந்த உணவை உண்போருக்கு இந்தக் காப்பும் குறைகிறது.

கொழுப்பு அமிலங்கள் செய்வன

கொழுப்பு அமிலங்களின் பங்கை இரண்டாகப் பிரித்துக் காண்பது தெளிவைத் தரும். ஒன்று, எண்ணெயின் வழியாக உண்ணும் நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள். மற்றொன்று, குடலிலேயே உண்டாகும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள்.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்ளலாம். ஏனெனில் அதுபற்றிய அறிவு உறுதியானது, செலவும் குறைவு. தவிடு நீக்காத தானியம், பருப்பு, கீரை ஆகியவற்றிலுள்ள நார்ப்பொருளை மனிதனின் செரிமான நீர்கள் சிதைப்பதில்லை. அது பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை நொதிக்கச் செய்து அசெட்டிக், புரோப்பியானிக், பியூட்ரிக் அமிலங்களாக மாற்றுகின்றன. இவற்றுள் பியூட்ரிக் அமிலமே பெருங்குடல் உயிரணுக்களின் முதன்மையான எரிபொருள். அவ்வுயிரணுக்களின் ஆற்றலில் சுமார் 70 சதவீதம் அதிலிருந்து கிடைக்கிறது என்று 1980-இல் அறியப்பட்டது. உயிரணுக்களுக்கு இடையிலான இணைப்புகளை இறுக்குவதிலும் அழற்சியைத் தணிப்பதிலும் அதற்குப் பங்குண்டு. காட்மியம் தளர்த்தும் அதே இணைப்புகளைப் பியூட்ரிக் அமிலம் வலுப்படுத்துகிறது என்பதால், இது உலோக நஞ்சுக்கு எதிரான காப்பாக ஆராயப்படுவது இயல்பே. பீகாரின் உழைக்கும் மக்கள் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் வறுத்த கடலை மாவாகிய சத்து, இந்த நார்ப்பொருளையும் புரதத்தையும் ஒருங்கே தருகிறது. இதைக் கொழுப்பு அமிலத்துக்கான உணவு என்று யாரும் எண்ணுவதில்லை. ஆனால் குடலைப் பொறுத்தவரை இதுவும் அத்தகைய உணவே.

நீண்ட சங்கிலி வகையில் நிலைமை அவ்வளவு எளிதன்று. உயிரணுவின் சவ்வு பெரும்பாலும் கொழுப்பினால் ஆனது. உண்ணும் எண்ணெயின் தன்மைக்கேற்பச் சவ்வின் ஆக்கமும் ஓரளவு மாறுகிறது. ஒமேகா-3 வகையைச் சேர்ந்த கொழுப்பு அமிலங்கள் அழற்சியைத் தணிக்கும் பொருள்களாகவும், ஒமேகா-6 வகையைச் சேர்ந்தவற்றுள் சில அழற்சியைத் தூண்டும் பொருள்களாகவும் மாறுகின்றன. எனவே ஒமேகா-3 மிகுந்த சவ்வு, உலோகத்தால் மூண்ட அழற்சியை எளிதில் அடக்கும் என்பது கோட்பாடு. உயிரணு வளர்ப்புகளிலும் எலிகளிலும் நடத்திய சோதனைகள் சில இதை ஆதரிக்கின்றன. இத்தகைய உயிரணுச் சோதனைகளுக்குப் பெரிதும் பயன்படுவது, மனிதனின் பெருங்குடல் புற்றுக்கட்டி ஒன்றிலிருந்து பெறப்பட்டு, தட்டில் வளரும்போது சிறுகுடல் உயிரணுக்களின் இயல்பைப் பெறும் ஓர் உயிரணு வழி ஆகும்.

ஆனால் இதே கொழுப்பு அமிலங்களின் மறுபக்கத்தையும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். இவற்றின் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் பல உள்ளன. ஆக்சிஜனின் கொந்தளிப்பான வடிவங்கள் முதலில் தாக்குவது இப்பிணைப்புகளையே. காட்மியம் அத்தகைய ஆக்சிஜனைப் பெருக்குவது என்று முன்னர்க் கண்டோம். ஆகவே இத்தகைய கொழுப்பு மிகுந்த சவ்வுக்கு வைட்டமின் ஈ, செலினியம் ஆகியவற்றின் துணை இல்லாவிட்டால், அது காப்பதற்குப் பதிலாகத் தானே காறிப்போகும். தட்டில் வளரும் உயிரணுவுக்கு ஒரு கொழுப்பு அமிலத்தை அளவோடு கொடுத்தால் நலம் விளைவதும், அளவு கூடினால் அதே அமிலம் நஞ்சாவதும் ஆய்வுக்கூடங்களில் பழகிப்போன காட்சி. ‘நல்ல எண்ணெய் மிகுந்தால் மிக நல்லது’ என்னும் கணக்கு இங்குச் செல்லாது.

இதைவிட முக்கியமான ஒரு பழைய முடிவு இன்றைய விளம்பரங்களில் இடம்பெறுவதில்லை. 1975-இல் எலிகளில் நடத்தி வெளியிட்ட ஆய்வில், உணவில் கொழுப்பை மிகுதியாகச் சேர்த்தபோது காரீயத்தின் உறிஞ்சல் குறையவில்லை, கூடியது. தாதுப்பொருள்களும் புரதமும் குறைந்த உணவிலும் அவ்வாறே கூடியது. கொழுப்பைச் செரிப்பதற்காகச் சுரக்கும் பித்தநீர் காரீயம் கரைந்து உட்செல்ல உதவுவது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. எனவே இரும்பும் கால்சியமும் குறைந்த குழந்தைக்கு எண்ணெயை மட்டும் கூட்டிக் கொடுப்பது பயன் தராது என்பதோடு, எதிர்விளைவையும் தரக்கூடும். கொழுப்பின் அளவு வேறு, கொழுப்பின் வகை வேறு. விற்பனைச் சீட்டில் இவ்விரண்டும் ஒன்றாகக் கலக்கப்படுகின்றன.

மனிதரிடம் மெய்ப்பிக்கப்பட்டது

உயிரணுத் தட்டிலிருந்து எலிக்கும், எலியிலிருந்து குழந்தைக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. அந்தத் தூரத்தைக் கடந்து வந்த சான்றுகளுள் மிகச் சிறந்த ஒன்று நம் நாட்டிலேயே, பெங்களூரில் கிடைத்தது. இரும்புக் குறைபாடுடைய, 5 முதல் 9 வயது வரையிலான 134 பள்ளிக் குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு இரும்பு செறிவூட்டிய அரிசி உணவும் மற்றப் பிரிவினருக்குச் சாதாரண அரிசி உணவும் 16 வாரங்கள் வழங்கப்பட்டன. 2006-இல் வெளியான இதன் முடிவின்படி, இரும்பு பெற்ற பிரிவில் குருதிக் காரீயம் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தவர்களின் பங்கு 65 சதவீதத்திலிருந்து 29 சதவீதமாகக் குறைந்தது. சூழலிலிருந்த காரீயத்தை அகற்றாமல், சோற்றை மட்டும் மாற்றியதால் கிடைத்த பயன் இது.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட மருத்துவ வழிகாட்டுதலும் இவ்வழியிலேயே செல்கிறது. குருதிக் காரீயம் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்து, உணவில் கால்சியமோ இரும்போ போதாத, பத்து வயது வரையிலான குழந்தைகளுக்கு அவற்றைக் கூடுதலாக வழங்குமாறு அது பரிந்துரைக்கிறது. கருவுற்ற பெண்களையும் அது கருத்தில் கொள்கிறது. அந்தப் பரிந்துரையில் எந்த எண்ணெய்க்கும் இடமில்லை.

ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகையில் சுரங்கக் கழிவிலிருந்து காட்மியம் வயல்களில் சேர்ந்து விளைந்த எலும்பு நோயை அந்நாட்டு அரசு 1968-இல் காட்மிய நஞ்சின் விளைவாக ஏற்றது. ஒரே ஊரின் அரிசியை எல்லோரும் உண்டனர். ஆயினும் கடும் நோய்க்கு ஆளானோர் பெரும்பாலும் பல குழந்தைகளைப் பெற்ற, நடுவயதைக் கடந்த பெண்களே. பேறுகளால் இரும்பும் கால்சியமும் இழந்த உடலே முதலில் வீழ்ந்தது. பீகாரில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 63.5 சதவீதத்தினர் இரத்தசோகை உடையோர் என்று அதே ஐந்தாம் சுற்று ஆய்வு கூறுவதை இதனுடன் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஒரு கணக்கு

உணவுக் காப்பின் எல்லையை அறிய ஓர் எளிய கணக்குப் போதும். கிராமுக்கு 100 மைக்ரோகிராம் காரீயம் கலந்த மஞ்சளை ஒரு குழந்தை நாளொன்றுக்கு அரை கிராம் உண்பதாகக் கொள்வோம். பாட்னாவில் கண்ட உச்ச அளவில் இது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உட்செல்லும் காரீயம் நாளொன்றுக்கு 50 மைக்ரோகிராம். குழந்தைகள் உணவு மூலம் பெறும் காரீயத்துக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022-இல் வகுத்த நோக்கீட்டளவு 2.2 மைக்ரோகிராம். நல்ல உணவின் பயனாக உறிஞ்சல் நான்கில் ஒரு பங்காகவே குறைந்துவிட்டது என்று தாராளமாகக் கொண்டாலும், அது 12.5 மைக்ரோகிராம் உண்டதற்குச் சமம். நோக்கீட்டளவைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் எஞ்சி நிற்கிறது. காரீயத்துக்குக் கேடற்ற அளவு என்று ஒன்றை வகுக்க இயலாது எனக் கருதி, உணவுச் சேர்க்கைகளுக்கான பன்னாட்டு வல்லுநர் குழு தான் முன்பு வகுத்திருந்த வார வரம்பை 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டதும் இதனாலேயே.

மூலத்தைத் தடுப்பது இயலாத செயலன்று என்பதற்கு அண்டை நாடாகிய வங்கதேசம் சான்று. அங்கு 2019-இல் சந்தை மஞ்சளில் 47 சதவீத மாதிரிகளில் காரீயம் காணப்பட்டது. மொத்த வியாபாரிகளுக்கு எச்சரிக்கை, கையடக்கக் கருவி கொண்டு சந்தையிலேயே சோதனை, மீறியோர் மீது பலரறிய நடவடிக்கை ஆகியவற்றுக்குப் பின் 2021-இல் அது பூச்சியமாயிற்று. மஞ்சள் ஆலைத் தொழிலாளர்களின் குருதிக் காரீயமும் குறைந்தது. பேரளவு மூலதனம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. பொருளாதார நோக்கில் காண்போருக்கு ஒரு செய்தி கூறலாம்: 2019-ஆம் ஆண்டில் காரீயத்தால் உலகுக்கு ஏற்பட்ட இழப்பை உலக வங்கியின் ஆய்வாளர்கள் உலக மொத்த உற்பத்தியில் 6.9 சதவீதம் என்று மதிப்பிட்டனர். சாயம் பூசியவருக்குக் கிடைத்த இலாபமோ கிலோவுக்குச் சில ரூபாய். செலவை ஏற்பவர் வேறு, இலாபம் பெறுபவர் வேறு என்னும் நிலையில் சந்தை தானாகத் திருந்தாது.

எண்ணெய்க் கொள்கையும் ஆளிவிதையும்

இவ்வளவுக்கும் பிறகு கொழுப்பு அமிலங்களுக்குத் திட்டத்தில் இடமில்லையா? உண்டு, ஆனால் அது ஊட்டக் கொள்கையின் ஒரு பகுதியாக, நஞ்சுமுறிவு என்னும் பெயரின்றி இருக்க வேண்டும். நம் நாடு சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. இறக்குமதியில் முதலிடம் பெறும் பனை எண்ணெயில் ஒமேகா-3 இல்லை என்றே கூறலாம். சூரியகாந்தி எண்ணெயிலும் அவ்வாறே. அதில் ஒமேகா-6 மட்டும் மிகுதி. கடுகு எண்ணெயில் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்னும் ஒமேகா-3 ஏறத்தாழ பத்து சதவீதம் உண்டு. பீகார், வங்காளம் ஆகிய மாநிலங்களின் பழைய சமையலில் இது இயல்பாகவே கிடைத்துவந்தது. விலை காரணமாகக் கடுகு எண்ணெயின் இடத்தைப் பனை எண்ணெய் பிடித்தபோது கொழுப்பின் வகையும் மாறியது. 1986-இல் தொடங்கிய எண்ணெய் வித்துத் தொழில்நுட்ப இயக்கமும், 2021-இல் 11,040 கோடி ரூபாயில் ஏற்கப்பட்ட எண்ணெய்ப்பனை இயக்கமும், 2024-இல் 10,103 கோடி ரூபாயில் ஏற்கப்பட்ட எண்ணெய் வித்து இயக்கமும் முதன்மையாக உற்பத்தி அளவையும் அந்நியச் செலாவணியையும் கருதியவை. எந்தக் கொழுப்பு அமிலம் யாருடைய தட்டில் சேர்கிறது என்பது அவற்றில் பின்தங்கிவிட்டது.

ஒமேகா-3 மிகுந்த தாவர எண்ணெய் ஆளிவிதையினுடையது; அதில் பாதிக்கு மேல் ஆல்ஃபா லினோலெனிக் அமிலமே. பீகாரில் ‘தீசி’ என்று வழங்கும் இவ்விதையை வறுத்துப் பொடித்துத் துவையலாக உண்பது கிராமங்களில் பழைய வழக்கம். கால்சியமும் நார்ப்பொருளும் அதில் உண்டு. ஆகவே அங்கன்வாடி உணவில் சத்துமாவோடு சிறிதளவு ஆளிவிதைப் பொடியைச் சேர்ப்பது பொருத்தமாகவே தோன்றும். ஆனால் இவ்விடத்தில் ஒரு தடை குறுக்கிடுகிறது. மண்ணிலுள்ள காட்மியத்தை எளிதில் ஏற்று விதையில் சேர்க்கும் பயிர்களுள் ஆளியும் ஒன்று. ஐரோப்பிய நாடுகள் ஆளிவிதைக்கெனக் காட்மிய வரம்பைத் தனியே வகுத்திருப்பது இதனாலேயே. காட்மியத்திலிருந்து காக்கும் என்று போற்றப்படும் கொழுப்பைத் தரும் விதையே, தவறான மண்ணில் விளைந்தால் காட்மியத்தைச் சுமந்து வரும். உலோகம் பெரும்பாலும் புரதப் பகுதியோடு பிண்ணாக்கில் தங்கிவிடுவதால் எண்ணெயில் அது குறைவு. முழு விதையாக வழங்குவதென்றால் முதலில் விளைநிலத்தைச் சோதித்தாக வேண்டும். நகரக் கழிவுநீர் பாயும் வயல்களையும், ஆலைக் கசடு இட்ட நிலங்களையும் கொள்முதலிலிருந்து விலக்க வேண்டும்.

மீனிலுள்ள ஒமேகா-3 தாவர வகையைவிட உடலுக்கு நேரடியாகப் பயன்படுவது. குளங்களில் வளரும் சிறு மீன்கள் கால்சியத்தையும் சேர்த்துத் தருவதால் மீன் உண்ணும் குடும்பங்களுக்கு அவை ஏற்றவை.

மாவட்ட அளவில் இப்பொருளைக் கையாளும் அலுவலருக்குச் செலவின் வரிசை தெளிவாகவே உள்ளது. சந்தை மஞ்சளைச் சோதிப்பதும் கொல்லைப்புற மின்கல உலைகளை அகற்றுவதும் முதல் ரூபாய்க்கு உரியவை. அடுத்த ரூபாய் இரும்பு, கால்சியம், காலை உணவு ஆகியவற்றுக்கு உரியது. இதற்கான அமைப்புகள், 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், 2018-இல் தொடங்கிய இரத்தசோகை ஒழிப்பு இயக்கம் ஆகியவற்றின் வடிவில், ஏற்கெனவே உள்ளன. அங்கன்வாடியில் குழந்தைக்குக் காலையில் முதல் கவளம் கிடைக்கும் நேரத்தை ஒரு மணி முன்னே கொண்டுவருவதற்குப் புதிய ஒதுக்கீடு ஏதும் தேவையில்லை. காரீயம் பரவிய ஊரில் அந்த ஒரு மணிக்கும் பொருளுண்டு. கடுகு எண்ணெயும் ஆளிவிதையும் மூன்றாவதாக வருபவை. உலோக நஞ்சை முறிப்பதாகக் கூறி விற்கப்படும் எண்ணெய்ப் புட்டிகளைப் பொறுத்தவரை, நோயைத் தடுக்கும் அல்லது தீர்க்கும் என்று உணவுப் பொருளுக்கு விளம்பரம் செய்வதை 2018-ஆம் ஆண்டின் உணவு விளம்பர ஒழுங்குமுறைகள் தடை செய்துள்ளன. மஞ்சள் மாதிரியை எடுக்கச் செல்லும் உணவுப் பாதுகாப்பு அலுவலர் அதே கடையின் எண்ணெய் அலமாரியையும் பார்த்துவிட்டு வரலாம்.